யாரும் கேட்காத லத்தீன்

ஜெர்மனியில் முனைவர் பட்டத்தின் தரத்தை லத்தீனில்தான் சொல்வார்கள். நான்கு படிகள். கீழ்ப்படி ரீட்டே, ஏதோ தேறிவிட்டாய், போ என்று அர்த்தம். அதற்கு மேல் கும் லௌடே, பாராட்டுடன். அதற்கும் மேல் மாக்னா கும் லௌடே, பெரும் பாராட்டுடன். உச்சியில் ஸும்மா கும் லௌடே. இந்தச் சொல்லைக் கேட்டதும் தமிழர்கள் எல்லோரும் அடிக்கிற ஜோக் ஒன்று இருக்கிறது. நானும் அடித்தாயிற்று, அடித்துச் சலித்தும் ஆயிற்று. அதை விட்டுவிடலாம்.

எனக்குக் கிடைத்தது உச்சிப்படி. எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில், வேதியியலில். உலோகத்தின் மேல் பீங்கான் பூச்சு பூசி, உலையில் சுட்டு, எந்தச் சூட்டில் அது விரிசல் விடுகிறது என்று பார்ப்பது என் ஆராய்ச்சி. நான்காம் வருட முடிவில் பேராசிரியர் கூப்பிட்டார். "இப்போதே எழுதிக் கொடுத்தால் மாக்னா நிச்சயம். இன்னும் ஒரு வருடம் இருந்து உயர்வெப்பச் சோதனைகளையும் முடித்தால் ஸும்மாவுக்குப் பரிந்துரைப்பேன். யோசித்துச் சொல்லுங்கள்" என்றார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? தொண்ணூற்றெட்டு வாங்கிக்கொண்டு போனால் மீதி ரெண்டு எங்கே என்று கேட்கிற வீட்டில் வளர்ந்தவள் நான். அறையை விட்டு வெளியே வருவதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

அந்த ஐந்தாவது வருடம் முழுக்க உலையோடு மல்லுக்கட்டினேன். வாய்மொழித் தேர்வு முடிந்ததும் என்னை வெளியே நிற்கச் சொல்லிக் கதவை மூடிக்கொண்டார்கள். உள்ளே பேச்சுச் சத்தம் கேட்கும், வார்த்தை புரியாது. பிறகு உள்ளே அழைத்து, எல்லோரும் எழுந்து நின்று, லத்தீனைச் சொன்னார்கள். ஆய்வகத் தோழர்கள் அட்டையில் செய்து வைத்திருந்த பட்டத் தொப்பியை என் தலையில் கவிழ்த்தார்கள். சந்தோஷத்தில் எனக்கு ஜெர்மனும் வரவில்லை, தமிழும் வரவில்லை.

ஊருக்குப் போன் செய்தேன். அப்பா எடுத்தார்.

"ஃபர்ஸ்ட் கிளாஸா, டிஸ்டிங்ஷனா?"

"அதுக்கும் மேலப்பா. லத்தீன்ல ஒரு பேரு இருக்கு."

"லத்தீன் எல்லாம் இங்க எவனுக்குப் புரியும்? கோல்டு மெடலிஸ்ட்னு சொல்லிடறேன்."

அன்று சாயங்காலத்துக்குள் எங்கள் தெருவில் நான் ஜெர்மனி கோல்டு மெடலிஸ்ட் ஆகிவிட்டேன்.

அடுத்தது வேலை. வெளிநாட்டு மாணவர்கள் படிப்பு முடிந்ததும் வேலை தேடிக்கொள்ள ஒரு வருடம் தங்கலாம் என்று அப்போது புதிதாகச் சட்டம் வந்திருந்தது. அந்த ஒரு வருடத்துக்குள் படிப்புக்குத் தகுந்த வேலை கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டும். எனக்குப் பெட்டி கட்ட மனமில்லை. ஊருக்குத் திரும்பினால் ஒரு பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளர் ஆகலாம். மற்றவர்கள் உலையில் கண்டுபிடித்ததைக் கரும்பலகையில் எழுதிப் போடலாம். எனக்கு உலை வேண்டும். காலையில் சைக்கிளில் போய், என் சாவியால் கதவைத் திறந்து, நேற்று வைத்த தகடு என்ன ஆயிற்று என்று பார்க்கிற வேலை வேண்டும். அவ்வளவுதான் ஆசை. ஸும்மா கையில் இருக்கும்போது ஒரு வருடம் எதற்கு, ஒரு மாதம் போதும் என்று நினைத்தேன்.

பூச்சு வேலை செய்கிற நிறுவனங்கள் ரூர் தொழிற்பகுதியில்தான் அதிகம். அதனால் அங்கே இருக்கிற எசன் நகரத்துக்குக் குடிபெயர்ந்தேன். யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்றின் வீட்டில் மேல்மாடி அறை. வீட்டுக்கார அக்கா சின்ன வயதிலேயே இங்கு வந்து, இங்கேயே தொழிற்பயிற்சி முடித்து, ஒரு மொத்த வியாபாரக் கம்பெனியின் ஆள்சேர்ப்புப் பிரிவில் வேலை பார்த்தார். வருகிற விண்ணப்பங்களைப் பிரித்து அடுக்குவது அவர் பொறுப்பு. இப்படி ஒருவர் கீழ்மாடியில் இருந்தும் முதல் விண்ணப்பங்களை நான் அவரிடம் காட்டவில்லை. எனக்கே எல்லாம் தெரியும் என்ற நினைப்பு.

அந்தக் காலத்தில் விண்ணப்பம் என்றால் ஒரு கோப்பு. பளபளப்பான அட்டை, ஸ்டூடியோவில் எடுத்த புகைப்படம், தன்விவரம், சான்றிதழ் நகல்கள், எல்லாவற்றையும் வரிசையாகச் செருகித் தபாலில் அனுப்ப வேண்டும். முகப்பில் என் பெயரை எங்கள் ஊர் வழக்கப்படி போட்டேன். எங்கள் ஊரில் கல்யாணப் பத்திரிகையிலிருந்து வாசல் பலகை வரை பெயருக்குப் பின்னால் பட்டங்கள் வரும், அடைப்புக்குறிக்குள் கோல்டு மெடலிஸ்ட் என்று வரும். அதே கணக்கில் பெயருக்கு முன்னால் டாக்டர், பின்னால் அடைப்புக்குறிக்குள் ஸும்மா கும் லௌடே, அதுவும் தடித்த எழுத்தில். ஒரே மூச்சில் பத்துப் பன்னிரண்டு கம்பெனிகளுக்கு அனுப்பினேன்.

ஒரு வாரத்தில் தொலைபேசி அடித்தது. ஒரு கம்பெனியின் ஆள்சேர்ப்பு அதிகாரி, பெண்மணி.

"உங்கள் பட்டச் சான்று கைக்கு வந்துவிட்டதா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லை. ஆய்வேடு அச்சில் இருக்கிறது. நூலகத்துக்குப் பிரதிகள் கொடுத்தபிறகுதான் சான்று தருவார்கள்."

"அப்படியானால் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட உங்களுக்கு இன்னும் உரிமை இல்லை. அது சட்டப்படி குற்றம். உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

இது எனக்குத் தெரியாதா என்றால், தெரியும். எர்லாங்கனில் எல்லோருக்கும் தெரியும். தேர்வில் தேறினாலும் தாள் கைக்கு வரும்வரை டாக்டர் இல்லை என்று கேலி செய்துகொள்வோம். ஆனால் முகப்பை எழுதும்போது கை எங்கள் ஊர்ப் பழக்கத்துக்குப் போய்விட்டது. ஊரில் ரிசல்ட் வந்த மறுநாளே பலகை மாட்டிவிடுவார்கள். அன்று மானம் போய் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். வேலை முடிந்து வந்த அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, அனுப்பாமல் மீதி இருந்த ஒரு கோப்பை வாங்கிப் பார்த்தார். பார்த்தவர் சிரிக்கத் தொடங்கினார்.

"தங்கச்சி, இது என்ன இது? பேருக்குப் பின்னாலை லத்தீனை ஏன் போட்டனீங்கள்?"

"எங்க ஊர்ல அப்படித்தான்க்கா போடுவாங்க."

"எங்கட ஊரிலையும்தான் போடுவினம். இஞ்சை போட்டால், இந்தப் பிள்ளைக்குச் சரியான தலைக்கனம் எண்டு நினைப்பினம். உள்ளுக்கை, படிப்பு எழுதுற இடத்திலை, ஒரு வரியிலை போட்டால் போதும்."

"ஆனா பாப்பாங்கல்ல? அது பெரிய விஷயம்தானேக்கா?"

"என்ரை மேலாளர் முதல் படத்தைப் பாப்பார். பிறகு வயசு. பிறகு எங்கை இருக்கிறீங்கள் எண்டு. அதுக்குப் பிறகு கார் ஓட்டத் தெரியுமோ எண்டு பாப்பார். லத்தீன் வரை போனதை நான் ஒருநாளும் காணேல்லை."

என்னால் அதை நம்ப முடியவில்லை. அவர் கம்பெனி விற்பது குளியலறைக் குழாய்கள். குழாய் விற்கிறவனுக்கு என்ன தெரியும், என் துறையில் பார்ப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அனுப்பிய கோப்புகள் திரும்பி வரத் தொடங்கின. இது இங்கே ஒரு மரியாதை. வேலை இல்லை என்றால் கோப்பைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே தபால் பெட்டியில் பெரிய உறை கிடந்தால் தோல்வி. மெல்லிய உறை வந்தால் நேர்முகத்துக்கு அழைப்பு. எங்கள் ஊரில் பெரிய கவர் வந்தால் நல்ல செய்தி என்று அர்த்தம். நான் கொஞ்ச நாள் பெரிய உறையைப் பார்த்து வீணாகச் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

முதல் மெல்லிய உறை பக்கத்து நகரமான டுசல்டோர்ஃபிலிருந்து வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். பூச்சைப் பற்றிக் கேட்பார்கள் என்று பக்கம் பக்கமாகத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அவர்கள் கேட்டது வேறு.

"ஆராய்ச்சிக்கு ஐந்து வருடம் ஆகியிருக்கிறதே, ஏன்?" என்றார் நடுவில் இருந்தவர்.

அந்த ஐந்தாவது வருடத்தால்தான் ஸும்மா வந்தது என்று விளக்கினேன். அவர் தலையாட்டினார். "நான்கு வருடத்தில் முடித்திருக்கலாம், ஆனால் முடிக்கவில்லை. அப்படித்தானே?"

எந்த வருடத்தை நான் மெடல் என்று கழுத்தில் மாட்டிக்கொண்டு போனேனோ, அதைத் தாமதம் என்று எழுதிக்கொள்கிறார் மனிதர். அடுத்தவர், "இவ்வளவு நல்ல தரம் வாங்கியவர் பல்கலைக்கழகத்திலேயே இருக்கலாமே, எங்களிடம் வந்தால் சலிப்புத் தட்டாதா?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபத்தைவிட ஆர்வம் கொஞ்சம் பெரிதாக இருந்தது. கடைசியில், உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா என்று வழக்கமாகக் கேட்பார்களே, அப்போது கேட்டேவிட்டேன்.

"என்னை அழைத்ததற்கு என் தரம் ஒரு காரணமா?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூவரில் ஆள்சேர்ப்புப் பிரிவிலிருந்து வந்திருந்த பெண்மணி புன்னகைத்து, "அது அழகாக இருக்கிறது" என்றார். ஜன்னலோரப் பூச்சட்டியைப் பற்றிச் சொல்கிற தொனி. அடுத்த வாரம் பெரிய உறை வந்தது.

அதன்பிறகு எனக்கு அது ஒரு பைத்தியமாகவே ஆகிவிட்டது. இந்த லத்தீன் யாருக்காக? யார் படிக்கிறார்கள் இதை? கிடைக்கிற ஆட்களிடமெல்லாம் கேட்டேன். என்னோடு ஆய்வகத்தில் இருந்த ஒருவன் மாக்னா வாங்கியவன். ஆய்வேட்டை எழுதி முடிப்பதற்கு முன்பே ஒரு கருத்தரங்கின் காபி இடைவேளையில் வேலை வாங்கிவிட்டான். "உன் தரத்தைக் கேட்டாங்களா?" என்றேன். "அப்போது அது எனக்கே தெரியாதே, தேர்வே நடக்கவில்லை" என்றான். பேராசிரியருக்குப் போன் செய்தேன். அவர் கொஞ்சம் வருத்தத்தோடுதான் பேசினார். "பேராசிரியர் ஆக வேண்டும் என்றால் அது கதவைத் திறக்கும். நீங்கள் பேராசிரியர் ஆவீர்கள் என்று நினைத்துத்தான் அந்த ஒரு வருடத்தைச் சொன்னேன்." எனக்கு என்ன வேண்டும் என்று அவரும் கேட்டதில்லை, உலைதான் வேண்டும் என்று நானும் சொன்னதில்லை.

போன இடத்திலெல்லாம் கேட்டேன். ஓரிடத்தில், தரம் உயர்ந்திருந்தால் சம்பளம் அதிகம் கேட்பார்கள் என்று பயப்படுவோம் என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்கள். இன்னோரிடத்தில், நல்ல பெரிய கம்பெனி அது, விண்ணப்பங்களை முதலில் சலிக்கும்போது தரத்தையும் பார்ப்போம், அதன்பிறகு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்றார்கள். வேலை மட்டும் யாரும் தரவில்லை. குளிர்காலம் போய் வசந்தம் வந்து, அதுவும் போய்க்கொண்டிருந்தது. பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்த அனுமதியின் தேதியை நான் பார்க்காமல் இருக்கப் பழகினேன். அக்காவின் குழந்தைகள் என்னைப் பார்த்ததும், "இண்டைக்குப் பெரிய கவரோ, சின்னக் கவரோ?" என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது.

அக்காவுக்கு இப்போது வேறொரு கவலை. "தரத்தை விடுங்கோ, தங்கச்சி. இத்தனை மாசம் வேலையில்லாமல் இருக்கிறீங்கள். இந்த இடைவெளியைப் பாத்தாத்தான் அவையள் பயப்பிடுவினம். வேற ஒருத்தரும் எடுக்கேல்லை, நாங்கள் ஏன் எடுக்கோணும் எண்டு நினைப்பினம். எப்ப வேலைக்கு வரலாம் எண்டு கேட்டால் உடனே எண்டு சொல்லக் கூடாது, விளங்குதோ? ரெண்டு மாசம் வேணும், யோசிக்கோணும் எண்டு சொல்லுங்கோ. நாலு கம்பெனி கேக்கிற ஆள் எண்டு தெரியோணும்."

சரி என்றேன். கண்ணாடி முன்னால் நின்று ஜெர்மனில் பயிற்சிகூட எடுத்தேன். "இரண்டு மாதம் தேவைப்படும், வேறு சில பேச்சுவார்த்தைகள் நடக்கின்றன." நடப்பது என் அனுமதியின் கடைசி மாதம் என்பது கண்ணாடிக்கும் தெரியும்.

அப்போது இன்னொரு மெல்லிய உறை வந்தது. எசனுக்கும் டுசல்டோர்ஃபுக்கும் நடுவே ஒரு நடுத்தர நிறுவனம், இயந்திர பாகங்களுக்குப் பீங்கான் பூச்சு போடுகிறவர்கள். ஆய்வகத் தலைவர் மட்டும் என்னைப் பார்த்தார். ஐம்பது தாண்டியவர், வாசலில் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று பலகை. அறைக்குப் பக்கத்திலேயே உலைக்கூடம்; சூடான உலோக வாசனை வந்துகொண்டிருந்தது. அந்த வாசனையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதைத்தானே கேட்டேன், இது கிடைக்காமல் ஊருக்குப் போகப்போகிறேனே என்றிருந்தது.

அவர் ஐந்து வருடத்தைப் பற்றிக் கேட்கவில்லை. விரிசலைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டார், பதிலைக் கவனமாகக் கேட்டார். பிறகு, "எப்போது வர முடியும்?" என்றார்.

இரண்டு மாதம், வேறு சில பேச்சுவார்த்தைகள். எல்லாம் மனப்பாடம். ஆனால் பக்கத்து அறையில் உலை ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது. யாருக்காக இந்த நடிப்பு?

"நாளைக் காலை வருகிறேன்" என்றேன்.

அவர் தாளிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ பிள்ளை, சொன்னனான் எல்லோ! இனி அவையள் எடுக்கமாட்டினம்." இரண்டு நாள் கழித்து ஆய்வகத் தலைவரே தொலைபேசியில் கூப்பிட்டு, வேலை உங்களுக்குத்தான் என்றார். ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு அக்காவும் நானும், வெளிநாட்டவருக்குத் தங்கும் அனுமதி கொடுக்கிற அந்நியர் அலுவலகத்துக்கு ஓடினோம். அனுமதியை நீட்டித்து ஒட்டிக் கொடுத்தார்கள். வெளியே வந்து, நடைபாதையில் நின்று, அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். அவரும் அழுதார், எதற்கு என்று அவருக்கே தெரியாமல்.

இங்கே முதல் ஆறு மாதம் சோதனைக்காலம். இரு தரப்பும் சுலபமாகக் கைகழுவிக்கொள்ளலாம். அதற்குள் வாயைத் திறக்க வேண்டாம் என்று என் ஆர்வத்தைக் கட்டிப்போட்டு வைத்தேன். ஆறு மாதம் முடிந்த அன்று மத்தியானம் தலைவரின் அறைக்குப் போனேன்.

"ஒன்று கேட்கலாமா? என்னை ஏன் எடுத்தீர்கள்?"

அவர் இதற்குத் தயங்கவே இல்லை. "உங்களோடு இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். உண்மையைச் சொன்னால் இருவருக்கும் உங்களைவிட அனுபவம் அதிகம். ஆனால் அவர்கள் வேறிடத்தில் வேலையில் இருந்தவர்கள். அங்கே ராஜினாமா சொல்லி விடுபட மூன்று மாதம் ஆகும். எனக்கு இருந்த ஆள் திடீரென்று போய்விட்டார், உலையில் வேலை குவிந்து கிடந்தது. நீங்கள் நாளைக்கே வருகிறேன் என்றீர்கள்."

அவ்வளவுதானா? என் காதில் சரியாகத்தான் விழுந்ததா? வேலையில்லாமல் இருந்த எந்த மாதங்களை ஒளித்து வைக்க அக்காவும் நானும் அத்தனை பாடுபட்டோமோ, அவற்றால்தான் வேலை கிடைத்திருக்கிறது.

"என் தரம்?" என்றேன்.

"பார்த்தேன். கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. இவர் ஒரு வருடத்தில் பல்கலைக்கழகத்துக்கே ஓடிவிடுவார் என்று நினைத்தேன்."

சிரிப்பு வந்தது, கூடவே வயிற்றெரிச்சலும் வந்தது. ஒரு முழு வருடம்! இருந்தும் விடாமல் கேட்டேன். என் புத்தி அப்படி. "உங்களுக்கு என்ன தரம்?"

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, மேசையில் இருந்த பேனாவை நேராக வைத்தார்.

"ரீட்டே" என்றார், மெதுவாக.

கடைசிப் படி.

"பட்டம் வாங்கி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. மூன்று கம்பெனி மாறியிருக்கிறேன். ஒருவர்கூடக் கேட்டதில்லை. நீங்கள்தான் முதல்." உலைக்கூடத்தின் பக்கம் தலையை அசைத்தார். "அங்கே இருக்கிற இளைஞர்களிடம் சொல்ல வேண்டாம். தயவுசெய்து."

அந்த வயதில் அவர் முகம் சிவந்திருந்தது. யாராவது கேட்க மாட்டார்களா என்று நான் ஒரு வருடம் தவித்தேன். யாராவது கேட்டுவிடுவார்களோ என்று இந்த மனிதர் இருபது வருடமாக அந்தப் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்திருக்கிறார். கேட்டிருக்கவே கூடாது என்று தோன்றியது. சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். போகும்போது கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போகச் சொன்னார்.